தோற்காத கல்

அன்று காலை மடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் குரு உமையாள் அம்மை. அவரிடம் பதினோரு ஆண்டுகளாகச் சீடராக இருக்கும் மாசிலாமணி, வயது ஐம்பத்திரண்டு. சமையல் பார்க்கும் தனபாக்கியம். பால் ஊற்ற வந்த குப்பண்ணன். மடத்து வேனை ஓட்டுகிற நான்.

ஏழு பத்துக்கு விறகு எடுக்கப் போன தனபாக்கியத்தை, வலது குதிகாலுக்கு மேல் பாம்பு கடித்தது.

"கண்ணாடி விரியன். நானே பார்த்தேன்," என்றார் குப்பண்ணன்.

மாசிலாமணி ஓடிப்போய் விஷக்கல்லை எடுத்து வந்தார். கருப்பாக, புளியங்கொட்டை அளவு இருக்கும். அவருடைய அப்பா கொடுத்தது. கடிவாயில் ஒட்டிக்கொண்டு விஷத்தை உறிஞ்சிவிடும் என்பார்.

"நகருங்கம்மா, கல்லை வைக்கணும்."

அம்மை நகரவில்லை. தனபாக்கியத்தின் கால் அசையாமல் இருக்க, அதை ஒரு பலகையில் நீட்டி, துண்டால் இறுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒட்டின கல் விழுந்துட்டா?" என்று கேட்டார்.

"விஷம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம்."

"விழலைன்னா?"

"இன்னும் இறங்கிட்டிருக்கு."

"ஆள் செத்துப்போனா?"

"அவங்க விதி. அதுக்குக் கல் என்ன பண்ணும்?"

"அப்போ கல் எப்பத்தான் தோக்கும்?"

"கல் தோக்காதும்மா," என்றார் மாசிலாமணி பெருமையாக.

அம்மை என் பக்கம் திரும்பினார். "வண்டியை எடு."

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்," என்றாள் தனபாக்கியம். "குப்பண்ணே, அடுப்புல பருப்பு கிடக்கு. அதையாச்சும் காப்பாத்துங்க."

குப்பண்ணன் அடுப்படிக்குப் போனார். நாங்கள் நால்வரும் கிளம்பினோம்.

வேனில் மாசிலாமணி மறுபடி கல்லை நீட்டினார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா போவோம். போற வழியில வச்சா என்ன கெட்டுப்போச்சு?"

"வச்சா கொஞ்ச நேரத்துல வலி குறைஞ்சுதான்னு கேப்பே. இவளும் உன் மனசு நோகக் கூடாதுன்னு குறைஞ்சுதும்பா. அப்புறம் வண்டியைத் திருப்பச் சொல்லுவே," என்றார் அம்மை.

தனபாக்கியம் வலியோடு சிரித்தாள். "நான் அப்படித்தான் சொல்லுவேன்."

எட்டு மணியாக நான்கு நிமிடம் இருந்தபோது அரசு மருத்துவமனையை அடைந்தோம். டாக்டர் இளைஞர். கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசைமேல் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம். யாரும் மேசையை ஆட்டாதீங்க."

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. "ஆள் துடிச்சிட்டிருக்கு, இவர் குழாயை வேடிக்கை பார்க்கிறாரே!"

"ரத்தம் உறைஞ்சா விஷமுறிவு மருந்து இப்போ வேண்டாம். உறையலைன்னா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம்," என்றார் டாக்டர்.

இருபதாவது நிமிடம் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர்போல ஓடியது. உடனே பத்துக் குப்பி மருந்தை ஏற்ற ஏற்பாடு செய்தார்.

"இந்த மருந்து தோக்குமா டாக்டர்?" என்று அம்மை கேட்டார்.

"தோக்கலாம்மா. சிலருக்கு ஒத்துக்காது, மூச்சு முட்டும். அதுக்கு ஊசி பக்கத்துல வச்சிருக்கேன். ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்பேன். அப்பவும் உறையலைன்னா நான் கொடுத்தது போதலை."

வராந்தாவுக்கு வந்ததும் மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "கேட்டீங்களாம்மா? அவருக்கே உறுதியில்லை. என் கல்லை நான் ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை."

"தெரியும். அதனாலதான் இவளை அவர்கிட்ட கொண்டுவந்தேன்."

மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்தார். மத்தியானம் மூன்றரை வரை எழுந்திருக்கவில்லை.

மூன்று ஐம்பதுக்கு டாக்டர் இரண்டாவது குழாயைச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. தலைகீழாகப் பிடித்தார். அப்போதும் அசையவில்லை. உள்ளே கட்டியாக உறைந்திருந்தது.

"வேலை செஞ்சிருக்கு. ராத்திரி இங்கேயே இருக்கட்டும், இன்னொரு தடவை பார்த்துடறேன்," என்றார். அவரும் அப்போதுதான் சிரித்தார்.

"எனக்குப் பசிக்குது," என்றாள் தனபாக்கியம். மாசிலாமணி போய் இட்லி வாங்கிவந்தார். அவள் நான்கு தின்றாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

பிறகு அம்மையின் அருகே வந்து நின்றார்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கல் வச்சிருக்கே?" என்று அம்மை கேட்டார்.

"முப்பத்தொரு பேருக்கும்மா."

"நல்லாயிட்டேன்னு வந்து சொன்னவங்க?"

"இருபத்தாறு பேர்."

"மத்தவங்க?"

"வரலை. நானும் போய்க் கேக்கலை."

"இப்போ போய்க் கேளு."

மாசிலாமணி ஒவ்வொரு ஊராக நினைத்து, விரல் மடக்கி எண்ணினார். ஒரு கையே போதுமாக இருந்தது. ஐந்து பேர்.