வேகம் பார்த்தவர்

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் குருமார்கள் இருக்கிறார்கள். லிஃப்ட் ஓடாத நாளில் அவர்களும் படியேறித்தான் ஆக வேண்டும்.

தியானம் சொல்லித்தரும் யசோதரா அம்மாள் நாலு மாடி ஏறி வந்து, சீடர் செல்வநாயகம் வீட்டு சோபாவில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தியானமில்லை, களைப்பு.

சீடர் குருவைவிட வயதில் பெரியவர். மனைவி இல்லை. காலை தியானத்தின் நடுவே ஒரு கண்ணைத் திறந்து, "மனசு அடங்கிடுச்சாம்மா?" என்று கேட்கிறவர்.

"சொல்லுங்க சார். என்ன அவசரம்?"

"பொண்ணு கூப்பிடுற நேரம்மா. கனடாவுலேருந்து. அவ கல்யாணத்துல சண்டை வந்து பேசாமலே இருந்தோம். இப்பத்தான் ஞாயித்துக்கிழமையில பேசுறா. பேசப் பேச வீடியோ நின்னுடுது. இன்னிக்கும் நின்னா இனிமே மெசேஜ்தான்னு சொல்லிட்டா."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. தனியா உட்கார பயமா இருக்கு."

குரு சோபாவில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"நெட்டைப் பெரிய பிளானுக்கு மாத்திட்டேன். புது ரவுட்டர் வாங்கியாச்சு. வேகமும் பிரமாதமா காட்டுது. அப்புறம் ஏம்மா நிக்குது?"

குரு பதில் சொல்வதற்குள் டேப்லெட் ஒலித்தது. மகள் பூங்கோதையின் முகம் வந்தது. தூங்காத கண்கள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா" என்றார் சீடர். அவருடைய இன்னொரு கை, தானாகவே ஃபோனை எடுத்து நெட் வேகம் பார்க்கும் பொத்தானை அழுத்தியது. முள் விறுவிறுவென்று ஏறியது.

பூங்கோதை வாயைப் பாதி திறந்தபடி நின்றுபோனாள்.

"பாத்தீங்களாம்மா! நூறுக்கு மேல காட்டுது, இவ நின்னுட்டா!" மறுபடி அழுத்தினார். முள் மறுபடி ஏறியது.

குரு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சீடரின் கையிலிருந்து ஃபோனை வாங்கி, சோதனையை நிறுத்தி, தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"...கேக்குதாப்பா?"

"கேக்குதும்மா." சீடரின் கை மடியில் எதையோ தேடியது. அங்கே ஒன்றுமில்லை.

"எத்தனை வாரமா சொல்லப் பாக்குறேன். லைன் சரியில்லன்னு எழுந்து எழுந்து போயிடுறீங்க. அவன் என்னை விட்டுட்டுப் போயிட்டான்பா. தனியாத்தான் இருக்கேன்."

அப்பவே சொன்னேனே என்பது அவர் நாக்கு நுனி வரை வந்தது. பாவம், விழுங்கிக்கொண்டார்.

"கிளம்பி வா தாயி" என்றார்.

அவள் அழுதாள். அழுகை விட்டு விட்டு வரவில்லை, முழுசாக வந்தது. வெகுநேரம் பேசினார்கள்.

எல்லாம் முடிந்தபின் சீடர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்புறம் மட்டும் எப்படிம்மா நிக்காம வந்துச்சு?"

குரு கைப்பையைத் திறந்து ஃபோனை நீட்டினார்.

"வேகம் பாக்குறப்போ வர்ற நெட் பூராத்தையும் இதுவே இழுத்துக்குது சார். அவ பேச என்ன மிச்சம் இருக்கும்?"

சீடர் கையை நீட்டவில்லை.