படத்தில் இல்லாத பன்னிரண்டு

அகமதாபாத்தில், கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் ஒரு பேடண்ட் கம்பெனியில் குமாஸ்தா ஆவுடையப்பன். வந்து எட்டு மாதமாகியும் அவனுக்கு இந்தியும் வரவில்லை, குஜராத்தியும் வரவில்லை. மத்தியானம் டிபன் டப்பாவோடு ஜன்னலைப் பார்த்துத் தனியே உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் மேனேஜர் திரிவேதி அவனை இங்கிலீஷில் சீண்டினார். "இந்தி பேடண்டைக் குஜராத்தியில எழுத நிபுணர் வேணும். அஞ்சு பேர் மனு போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே ஒருத்தரைத் தேர்ந்தெடு. முடியலேன்னா ஊருக்குக் கிளம்பு." ஆபீசே சிரித்தது.

ஆவுடையப்பன் ஒரு பம்ப்செட் பேடண்டை எடுத்தான். படத்தில் ஒன்பது பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். விளக்கம் எழுதியிருந்த பக்கத்தில் 7-ஐ அழித்து 12 ஆக்கி, படத்தோடு ஐந்து பேருக்கும் அனுப்பினான்.

நாலு பேரிடமிருந்து மொழிபெயர்ப்பு வந்தது. அவர்களில் ஒருவர் மேனேஜரின் மைத்துனர், டாக்டர் பட்டம் வாங்கியவர்; தங்க எழுத்தில் அட்டையே போட்டிருந்தார். ஐந்தாவது ஆளான பாவ்நகர் ஹன்சாபென்னிடமிருந்து இங்கிலீஷில் ஒரு போன் மட்டும் வந்தது.

"அந்த அம்மாதான் சார்," என்று வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் சொன்னான் ஆவுடையப்பன்.

"ஒரு வரிகூட எழுதாதவளா?"

ஆவுடையப்பன் படத்தை விரித்தான். "இதுல பன்னிரண்டாம் பாகம் எங்கேன்னு காட்டுங்க சார். உங்க மைத்துனர் உட்பட நாலு பேர், 12-ஐ அப்படியே வச்சு இல்லாத பாகத்தை மொழிபெயர்த்துட்டாங்க. அந்த அம்மாதான் எங்கேன்னு கேட்டாங்க."

மேனேஜர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கேள்வி கேட்டா நிபுணரா?" என்று முனகினார்.

"எட்டு மாசமா இந்த ஆபீசுல என்னை யாரும் ஒண்ணும் கேட்டதில்ல சார். கேக்கிறவங்க அருமை எனக்குத் தெரியும்."