கன்னத்தில் அடக்கிய சங்கு

கவ்வாயன் என்ற குரங்குக்கு ஒரு கெட்ட பழக்கம். கண்ணுக்கு அழகாக எது பட்டாலும் அடுத்த நொடி அது அவன் கன்னத்துக்குள் போய்விடும். குரங்குகளுக்குக் கன்னத்தின் உள்ளே ஆளுக்கு இரண்டு பைகள் உண்டு. மற்ற குரங்குகள் அதில் பழத்தையும் கொட்டையையும் அடக்கிவைக்கும். இவனோ காட்டில் உள்ள அழகையெல்லாம் அடக்கிவைக்கப் பார்த்தான்.

அவனுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். வாலாட்டிக் குருவி. ஒவ்வொரு வருஷமும் மலை ஓடையிலிருந்து கடற்கரைவரை போய்வருகிறவள். பெயருக்கு ஏற்றபடி அவள் வால் ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் அவள் சொன்னாள்: “நான் கடலைப் பார்க்கப் போறேன். நீயும் வர்றியா?”

“வர்றேன்! எங்க கூட்டத்துல எவனும் கடலைப் பார்த்ததில்லை. நான் எடுத்துட்டு வந்து காட்டுறேன்!”

“கடலையா?”

“அதுல கொஞ்சம்!”

இருவரும் புறப்பட்டார்கள். வாலாட்டி முன்னால் பறந்தாள். கவ்வாயன் மரத்துக்கு மரம் தாவிப் பின்னால் போனான்.

போகிற வழியெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காடு. பாசி படிந்த கிளையில் ஊதா நிறத்தில் ஒரு பூங்கொத்து தொங்கியது. வாலாட்டி மெய்மறந்து நின்றாள்.

“அங்க பாரு, கவ்வாயா! எவ்வளவு அழகு!”

“எடுத்தாச்சு!”

இலை நுனியில் பச்சை வண்டு ஒன்று வெயிலில் மின்னியது.

“இதைப் பாரேன்! ஒரு பக்கம் பச்சை, திரும்பினா நீலம்!”

“எடுத்தாச்சு!”

அருவிச் சாரலில் வானவில் விழுந்திருந்தது. அதற்கும் வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தான். வாய் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, இருமிக்கொண்டே கரையேறினான். இவனை என்ன செய்வது!

மத்தியானம் கன்னத்தில் இருந்ததை வெளியே எடுத்துப் பார்த்தான். பூ கூழாகிப் போயிருந்தது. வண்டு எப்போதோ தப்பித்து ஓடிவிட்டது.

“இது நான் எடுத்த பூ இல்ல. நான் எடுத்தது அழகா இருந்துச்சு” என்று சொல்லி அதைத் தூர எறிந்தான். தப்பு தன்னுடையது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் கழிமுகத்தைத் தாண்டினார்கள். அங்கே மீன்கொத்தி உதிர்த்த நீல இறகு ஒன்று கிடந்தது. அது வலது கன்னத்துக்குள் போனது. காலை வெயில் ஏறும்போது கடற்கரை வந்துவிட்டது.

கடல் உள்வாங்கியிருந்த நேரம். தூரத்தில் பாறைகளும், பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கிய நீரும் தெரிந்தன. வாலாட்டி வாயடைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவ்வாயன் கடலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு குட்டையின் ஓரத்தில் கிடந்த சங்கைப் பார்த்துவிட்டான்.

கூம்பு வடிவச் சங்கு அது. மேலெல்லாம் பழுப்பும் வெள்ளையுமாகப் பின்னல் கோலம். பட்டுச் சேலைக்கு ஜரிகை போட்ட மாதிரி இருந்தது.

“தொடாதே, அது...!” என்று வாலாட்டி கத்துவதற்குள் சங்கு வலது கன்னத்தில் இருந்தது. யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று ஒரே ஓட்டமாக ஓடிக் கரையிலிருந்த புன்னை மரத்தில் ஏறிக்கொண்டான்.

வாலாட்டி பின்னாலேயே பறந்து வந்தாள். “அடப்பாவி! அதுக்கு உயிர் இருக்குடா!”

அவன் பதில் சொல்வதற்குள் அவன் வாய்க்குள்ளிருந்தே ஒரு குரல் கேட்டது.

“யார் என்னைத் தூக்கினது?”

கவ்வாயன் புறங்கையால் கன்னத்தை அமுக்கி வெளியே தள்ளக் கையைத் தூக்கினான்.

“கையை எடு!” என்றது குரல். “அமுக்கினா உன் கதை முடிஞ்சுது. என் மூக்கு நுனியில ஒரு விஷ முள் இருக்கு. மீனைக் குத்தினா அது அந்த இடத்துலயே விறைச்சுப்போகும்.”

“கு... குரங்கைக் குத்தினா?”

“இதுவரைக்கும் குத்திப் பார்த்ததில்லை.”

கவ்வாயன் தூக்கிய கையை மெதுவாக இறக்கினான்.

“நான் கோபக்காரி இல்ல. பயந்தாங்கொள்ளி” என்றது சங்குக்குள் இருந்த நத்தை. “பயந்தா முள் தானா பாயும். என்னால நிறுத்த முடியாது. அதனால என்னைப் பயமுறுத்தாதே. ஆமா, என்னை ஏன் எடுத்தே?”

“அழகா இருந்தீங்க, சங்கம்மா...”

“அழகா இருந்தா எடுத்துடணுமா?”

இந்தக் கேள்வியை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

“எனக்கு மூச்சு முட்டுது. தண்ணி வேணும். என்னைத் தண்ணிக்குக் கொண்டுபோ. நானே இறங்கிப் போயிடுவேன். வழியில ஆட்டாதே, அசைக்காதே, நாக்கால இடிக்காதே.”

மரத்திலிருந்து பாறைக் குட்டை நூறு பாய்ச்சல் தூரம் இருக்கும். கவ்வாயன் பாயவா முடியும்? அடிமரத்தைக் கட்டிப்பிடித்து, அங்குலம் அங்குலமாகக் கீழே சறுக்கினான். கால் மணலைத் தொட்டது. அப்போதுதான் அந்த நீல இறகு வேலையைக் காட்டியது. உள்ளே புரண்டு அவன் தொண்டையை வருடியது.

இருமல் வந்தது.

கவ்வாயன் அடக்கினான். கண்ணில் நீர் முட்டியது. மறுபடியும் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடக்கினான். கன்னத்தின் உள்ளே மெல்லியதாக ஏதோ ஒன்று நீண்டு, சதையைத் தடவிப் பார்ப்பது தெரிந்தது.

“ஏன் எல்லாம் நடுங்குது?” என்றாள் சங்கம்மா. “எனக்குப் பயமா இருக்கு!”

“பயப்படாதீங்க” என்றாள் வாலாட்டி. குரல் தழைந்திருந்தது. “ஒரு இறகுதான். நான் எடுத்துடுறேன். கவ்வாயா, வாயைத் திற. மூச்சு விடாதே.”

அவன் தாடையில் வந்து உட்கார்ந்தாள். பிறந்த நாள் முதல் ஓயாமல் ஆடிய வாலை இறுக்கி நிறுத்தினாள். அதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். தன் தலையைக் குரங்கின் வாய்க்குள் நுழைத்து, இறகின் அடியை அலகால் கவ்வி, மயிரிழை மயிரிழையாக இழுத்தாள். இறகு சங்கை உரசிக்கொண்டு வந்தது. உள்ளே நீண்டது அப்படியே நின்றது. கடைசியில் இறகு வெளியே வந்தது. காற்று அதை அடித்துக்கொண்டு போயிற்று.

அது எங்கே போகிறது என்று கவ்வாயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடந்தான். அவ்வளவு மெதுவாக ஒரு குரங்கு நடந்ததைக் கடற்கரை பார்த்திருக்காது. சுடுமணல் பாதத்தைப் பொசுக்கியது. துள்ளவில்லை. நண்டு ஒன்று குறுக்கே ஓடியது. பதறவில்லை. அலைகள் திரும்பி வரத் தொடங்கியிருந்தன. அலை படாத ஒரு குட்டையாகப் பார்த்து வாலாட்டி முன்னால் போய் நின்றாள்.

“இங்க வா. முகத்தை உள்ள வெச்சு, வாயைத் திற. அவங்க போகிறவரைக்கும் தலையைத் தூக்காதே!”

கவ்வாயன் வயிறு நிறைய மூச்சை இழுத்தான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயைத் திறந்தான்.

சங்கம்மா அசையவில்லை. நத்தைக்கு ஏது அவசரம்! அவனால் கையை எங்கேயும் நீட்ட முடியாது. தலையைத் திருப்ப முடியாது. செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணைத் திறந்தான்.

அடியில் ஒரு தோட்டமே இருந்தது. வெயில் வலை வலையாகப் பாறைமேல் அசைந்தது. பூ என்று நினைத்த ஒன்று விரல்களை மடக்கி, மறுபடியும் விரித்தது. கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் மீன்குஞ்சுகள் அவன் மூக்கருகே வந்து, இது என்ன புதுப் பாறை என்று பார்த்துவிட்டு விலகின. ஒரு இறால் கண்ணாடிபோல் நின்றது. அதன் உடம்புக்குள் வெளிச்சம் ஓடுவது தெரிந்தது. மூன்று நாள் வந்த வழியிலும் இப்படியெல்லாம் இருந்திருக்கும். அவன்தான் எதையும் பார்க்கவில்லை. அதை நினைத்ததும் கவ்வாயனுக்கு அழுகை வந்தது. தண்ணீருக்குள் அது யாருக்குத் தெரியும்!

உதட்டைத் தாண்டி ஏதோ ஊர்ந்தது. அவன் அசையவில்லை. காது அடைத்தது. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அப்போதும் அசையவில்லை.

வாலாட்டி அவன் முதுகில் கொத்தினாள். “போயாச்சுடா! தலையை எடு! செத்துப் போயிடாதே!”

கவ்வாயன் தலையைத் தூக்கி ‘ஹா’வென்று மூச்சு வாங்கினான். கீழே சங்கம்மா தன் ஜரிகைச் சேலையோடு மணலில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

“இனி ஓடிப்போயிடலாம், வா!” என்றாள் வாலாட்டி. அவள் வால் மறுபடியும் ஆடத் தொடங்கியிருந்தது.

“கொஞ்சம் இரு” என்றான் கவ்வாயன்.

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடியும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான். இந்தத் தடவை வாயை இறுக மூடியிருந்தான்.

பார்க்கத் தெரியாதவன் அழகைப் பறிக்க ஓடுவான். அவன் பறித்ததும் வாடும், அவன் உயிரும் ஊசலாடும்.