விழத் தெரியாத சேனாதிபதி

முன்னொரு காலத்தில் செம்பனூர்ச் சீமையை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். அவனுடைய மந்திரி திருமேனியார் சின்னப் பிள்ளைகளுக்கென்று கோட்டைக்குள் ஒரு மல்யுத்தக் கோதா வைத்தார். ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. பொழுது விடிந்தால் மந்திரியோடு போய் உட்கார்ந்து, வாண்டுகள் மண்ணில் புரள்வதை ரசித்துக்கொண்டிருப்பான்.

சேனாதிபதி வல்லபராயருக்கு வயிறு பற்றி எரிந்தது. அதுவரை ராஜாவின் காலைப்பொழுது அவருடையது. இப்போது அவர் வாயெடுத்தாலே, "அப்புறம் பார்ப்போம் ராயரே" என்று எழுந்துவிடுகிறான். இத்தனை போரில் ரத்தம் சிந்தியவனுக்கு, மூக்கொழுகும் பயல்களுக்கு இருக்கிற மதிப்புக்கூட இல்லையா என்று குமைந்தார்.

ஒருநாள் சபையிலேயே கேட்டுவிட்டார். "மகாராஜா, மல்யுத்தம் மீசை முளைத்தவனுக்கு. பால்பல் விழாததுகளுக்கு எதற்கு? கோதாவை மூடிவிடுங்கள்."

ராஜாவின் மனம் உடனே சாய்ந்தது. "அதுவும் சரிதான். மந்திரியாரே, தக்க பதில் சொல்லும். இல்லாவிட்டால் இன்றே மூடிவிடுவேன்."

"மகாராஜா, நாங்கள் முதலில் விழத்தான் கற்றுக்கொடுக்கிறோம். வளர்ந்தவர்களுக்கு அது லேசில் வராது."

"விழுவதற்கு ஒரு வாத்தியாரா? குடிகாரன்கூட விழுகிறான். நானே விழுந்து காட்டுவேன்" என்றார் ராயர்.

"அப்படியானால் ஒரு பிள்ளையும் விழட்டும், தாங்களும் விழுங்கள். யார் சுலபமாக எழுகிறாரோ, அவர் பக்கம் தீர்ப்பு" என்றார் மந்திரி பணிவாக.

மந்திரி தானாக வந்து மாட்டிக்கொண்டார் என்று ராயருக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

கோதாவில் வாத்தியார் முதலில் காளியப்பன் என்ற ஏழு வயதுப் பொடியனைப் புரட்டிப் போட்டார். அவன் மோவாயை நெஞ்சில் ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு, எழுந்து மண்ணைத் தட்டினான். "இன்னொரு தடவ போடுங்க வாத்தியாரே."

அடுத்து ராயர். காலைத் தட்டியதும் உடம்பை விறைத்தார், கையை ஊன்றினார், தடாலென்று சாய்ந்தார். மணிக்கட்டு வீங்கிப்போனது. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

"இரண்டு பேருக்கும் ஒரே மண்தானே, மந்திரியாரே?" என்று கேட்டான் ராஜா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"பிள்ளை உடம்பு வளைகிறது மகாராஜா. அதைவிட, யார் பார்க்கிறார்களோ என்ற கவலை அவனுக்கு இன்னும் வரவில்லை. சேனாதிபதி விழும்போதும் தங்கள் முகத்தைத்தான் பார்த்தார். அந்த வெட்கம் வருவதற்குள் தொடங்கிவிட வேண்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "ராயரே, கை ஆறியதும் நீரும் இந்தப் பிள்ளைகளோடு விழப் பழகும்."

ராஜா சொன்னால் தட்ட முடியுமா? ராயர் வரிசையின் கடைசியில் நின்று, விழுந்து எழுந்தார். ஒரு காலையில் ராஜா கைதட்டினான். ராயர் ஆசையோடு நிமிர்ந்தார். தட்டியது காளியப்பனுக்கு.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள், அடுத்த கைதட்டல் தனக்கே விழவேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் வந்து, விழுவதற்கு மெத்தென்றிருக்கக் கோதா மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்.