நாலு பேருக்கு இடம் பிடித்த முள்ளம்பன்றி

காடென்று ஒன்று இருந்தால் அங்கே பேர்போன சாப்பாட்டுக் கடை ஒன்று இல்லாமல் போகுமா, பிள்ளைகளே? இலுப்பைக் காட்டில் அது கரடி அண்ணாச்சி கடை. பௌர்ணமி தோறும் மத்தியானம் அண்ணாச்சி தேன் விட்டுத் தினைப் பொங்கல் கிண்டுவார். ஒரே ஒரு பானைதான். தீர்ந்தால் தீர்ந்ததுதான், அடுத்த பௌர்ணமிவரை நாக்கைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அதனால் கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். உட்காருவதற்கு விழுந்து கிடந்த மரங்கள்தான் பலகை. ஒரு மரத்துக்கு நாலு பேர். இடம் கிடைக்காதவர்கள், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னாலேயே போய் நின்றுகொள்வார்கள். எப்போது இலையை மடிப்பார் என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். பிடரியில் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றால் சாப்பாடு தொண்டையில் இறங்குமா? நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் தொல்லை இல்லாத ஒரே ஆள் சிலும்பன் என்கிற முள்ளம்பன்றி. அவன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? இதை முதலில் கண்டுகொண்டது நரி. கண்டுகொண்ட அன்றைக்கே வந்து சிநேகம் பிடித்துக்கொண்டது. கூடவே குரங்கையும் மயிலையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"சிலும்பா, நீ முன்னாடி போய் இடம் பிடிச்சு வை. நாங்க பின்னாடியே வந்துடறோம்." ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நரி இதையே சொல்லும்.

சிலும்பனும் விடிந்ததும் போய் ஒரு மரத்தைப் பிடித்து, நாலு இலை போட்டு வைப்பான். யாராவது கிட்டே வந்தால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, "ஆள் வருது" என்பான். உச்சிவெயில் நேரத்துக்கு நண்பர்கள் ஆடி அசைந்து வருவார்கள். "ஐயையோ, உன் முள்ளு என் தோகையில மாட்டுது. நீ அப்புறமாச் சாப்பிடேன்" என்று சொல்லி, மயில் தன் தோகையை நாலாவது இடத்தில் பரப்பிவிடும். சிலும்பன் எழுந்து ஓரமாகப் போய் நிற்பான். எல்லாரும் போன பிறகு பானையின் அடியில் ஒட்டிய தீய்ந்த பொங்கலை அண்ணாச்சி சுரண்டிக் கொடுப்பார். அதைத் தனியாக நின்று தின்றுவிட்டு வீட்டுக்குப் போவான்.

ஐந்து பௌர்ணமி இப்படியே போயிற்று. அவனுக்குப் பொங்கல்கூடப் பெரிதில்லை. நண்பர்களோடு ஒரே மரத்தில் உட்கார்ந்து, குரங்கு அடிக்கும் கேலிக்குச் சிரித்து, ஒரே ஒரு வேளை சாப்பிட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

ஆறாவது பௌர்ணமிக்கு முந்தின நாள் வாய்விட்டுக் கேட்டே விட்டான். "இந்தத் தடவை நானும் உங்ககூட உட்காரட்டுமா?"

நரிக்கு வந்த பாசத்தைப் பார்க்க வேண்டுமே. "என்னடா இது, கேள்வியா கேட்கறே? நாளைக்குச் சாப்பாடே உனக்காகத்தான். நீ நடுவுல, நாங்க ரெண்டு பக்கமும்."

"பின்னே?" என்றது குரங்கு.

"முள்ளுதான்..." என்று இழுத்தது மயில்.

"அதுக்கு நான் ஒரு வழி பண்ணிக்கறேன்" என்றான் சிலும்பன். அன்றைக்கே ஓடைக்கரைக்குப் போய் நீளமாக ஒரு கொடியை அறுத்து வந்தான். நண்பர்கள் வந்ததும் முள்ளையெல்லாம் படிய வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று திட்டம்.

மறுநாள் நல்ல மரமாகப் பார்த்துப் பிடித்தான். முயல் தன் குட்டிகளோடு வந்தது. "ஆள் வருது." காட்டுப்பன்றி வந்தது. "ஆள் வருது." அப்புறம் ஆமை வந்தது. ஆமை பயப்படவில்லை.

"தம்பி, உன் பக்கத்துல உட்கார்ந்துக்கட்டுமா? என் ஓட்டை உன் முள்ளு ஒண்ணும் பண்ணாது. பேசிக்கிட்டே சாப்பிடலாம்."

"ஆள் வருதுன்னு சொல்றேன்ல."

"அவங்க வந்ததும் எழுந்துடறேம்ப்பா. நேத்து கிளம்பினவன், இப்பத்தான் வந்து சேர்ந்தேன்."

சிலும்பன் முள்ளைச் சிலிர்த்து ஆமையின் முகத்துக்கு நேரே கொண்டுபோனான். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, மெல்லத் திரும்பி நடந்தது. இந்த இடத்தில் எனக்கே அவன்மேல் கோபம் வருகிறது. மனம்விட்டுப் பேச வந்தவரை விரட்டுகிற புத்தி எங்கிருந்துதான் வருமோ!

பொங்கல் இறங்கியது. மணம் மூக்கைத் துளைத்தது. அண்ணாச்சி அகப்பையோடு வந்தார். "தம்பி, உனக்கு முதல்ல வச்சுடட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. அவங்களும் வரட்டும். இன்னிக்கு நாங்க ஒண்ணாச் சாப்பிடப்போறோம்" என்றான். சொல்லும்போதே வயிறு இரைந்தது.

தூரத்தில் நரியின் வால் தெரிந்ததும் கொடியை எடுத்து முதுகைச் சுற்றிக் கட்டினான். பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டபோது இரண்டு முட்கள் முறிந்து சதையில் இறங்கின. வலித்தாலும் அவனுக்குச் சந்தோஷம்தான். நிமிர்ந்து பார்த்தால் வந்தது மூன்று பேர் அல்ல, நான்கு பேர். கூட ஒரு சிறுத்தை.

"சிலும்பா, இவர் யாரு தெரியுமில்ல? சிங்கராஜா அரண்மனைக் காவலுக்குப் புதுசா வந்திருக்கார்" என்றது நரி. "வழியில பார்த்தோம். விட்டுட்டு வர மனசு கேட்கலை."

இருந்ததோ நாலு இடம். குரங்கு நினைத்தால் கிளையில் தொங்கிக்கொண்டே சாப்பிட்டுவிடும். சிலும்பன் குரங்கைப் பார்த்தான். குரங்கு ஏதோ பேன் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டது.

நரி அவன் காதருகே குனிந்தது. "நீ நம்ம ஆளு. நம்ம ஆளுகிட்டதானே உரிமையாக் கேட்க முடியும்? கொஞ்ச நேரம் எழுந்துக்கோ. இவர் சாப்பிட்டுக் கிளம்பினதும் கூப்பிடறேன்."

"இன்னிக்கு எனக்காகன்னு சொன்னியே."

"இல்லேன்னு யாரு சொன்னா? நீ இல்லாம எங்களுக்குச் சாப்பாடு இறங்குமா?"

நம்ம ஆளு என்ற சொல்லுக்குச் சிலும்பன் உருகிப்போனான். எழுந்துவிட்டான். சிறுத்தை அந்த இடத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அப்போதுதான் அவனைப் பார்த்தது.

"இது என்ன, விறகுக் கட்டா?"

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குரங்கு மரத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தது. சிலும்பனும் சிரித்துவைத்தான்.

முதல் தடவை பொங்கல் வந்தது, இரண்டாவது தடவையும் வந்தது. சிறுத்தை கிளம்புகிற வழியாக இல்லை. நரி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சிலும்பன் வேறு இடம் தேடிப் போனான். முயலின் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. முயல் அதில் சட்டென்று ஓர் இலையை விரித்து, "ஆள் வருது" என்றது. காட்டுப்பன்றியும் அதையே சொன்னது. மற்ற நாளாயிருந்தால் அவனைக் கண்டதும் ஒதுங்குவார்கள். இன்றைக்கு முள்ளெல்லாம் கட்டுக்குள் இருக்க, ஒருவரும் அசையவில்லை.

கடைசி மரத்தில் மான்களுக்கு நடுவே ஆமை நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. "காலையில உன்கிட்ட நாலு இடம் இருந்துதேப்பா" என்றது. குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டது. சிலும்பன் அங்கிருந்து நகர்ந்தான்.

அவன் அண்ணாச்சியிடம் வந்தபோது பானை கவிழ்ந்து கிடந்தது.

"தீர்ந்துபோச்சே தம்பி. இன்னிக்கு அடிகூட மிஞ்சலை. அப்பவே வைக்கட்டுமான்னு கேட்டேனே" என்றார் அண்ணாச்சி. கையைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். "சரி, இந்த வேலைக்கு அவங்க உனக்கு என்ன தர்றாங்க?"

"வேலையா? அவங்க என் நண்பர்கள் அண்ணாச்சி."

"அப்படியா? இத்தனை நாளா நீ அவங்க வேலையாள்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அண்ணாச்சி. அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

நண்பர்கள் இலையை மடித்து ஏப்பம் விட்டபடி வந்தார்கள். "அடடா, இங்கேயா இருக்கே? உன்னை எங்கெல்லாம் தேடினோம்" என்றது நரி. சிலும்பன் நின்ற இடம் அந்த மரத்திலிருந்து பத்தடிகூட இருக்காது.

"சிறுத்தை ஐயாவுக்குக் கடை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அடுத்த பௌர்ணமிக்கும் வர்றார். வெயில் அவருக்கு ஆகலை, அதனால நிழல்ல இருக்கிற மரமாப் பாரு. கொஞ்சம் சீக்கிரமாவே வந்து, வழக்கம்போல நாலு இடம் பிடிச்சுடு."

சிலும்பன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். நரி, குரங்கு, மயில், சிறுத்தை. நாலு சரியாக இருந்தது.

சுற்றிலும் பார்த்தான். முயலும் குட்டிகளும் போய்க்கொண்டிருந்தன. காட்டுப்பன்றி யாரோடோ பேசிக்கொண்டே போயிற்று. ஆமைக்குத் துணையாக மான்கள் மெல்ல நடந்தன. ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. இந்த மூன்று பேரையும் விட்டால் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

"சரி" என்றான் சிலும்பன்.

நீதி: உன்னால் ஆகும் காரியத்தை விரும்புகிறவரெல்லாம் உன்னை விரும்புகிறவர் அல்லர், அவர்களுக்காக மற்றவரைப் பகைத்துக்கொண்டால் கடைசியில் உனக்கென்று ஒருவரும் இருக்க மாட்டார்.