வடசீமையில் விலைபோகாத உப்பு

காலையில் ஒன்று நினைத்து, குளித்துவிட்டு வருவதற்குள் வேறொன்று நினைத்து, இலை முன்னால் உட்காரும்போது மூன்றாவதாக ஒன்றை உத்தரவாகப் போடும் ராசா ஒருவர் வெகு காலத்துக்கு முன்னால் ஏழாற்று நாட்டை ஆண்டு வந்தார். நல்லமுடி ராசா என்று பேர். மனசு தங்கம். தலைக்குள்தான் எந்நேரமும் சந்தை இரைச்சல்.

ஒருநாள் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என் நாலு சீமையும் முன்னேறியிருக்கிறதா, இல்லையா? ஏழைகள் குறைந்தார்களா, இல்லையா? யாராவது அளந்து சொல்லுங்களேன்!"

பிரதானி தாண்டவராயர் முந்திக்கொண்டார். சபையில் வேறு யாராவது நல்ல பேர் வாங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பல்லக்கில் போனார், பல்லக்கில் வந்தார், ஓலையை விரித்தார்.

"பிரபு! நாலு சீமையிலும் வடசீமைதான் முதல். பத்து வருஷத்துக்கு முன் அங்கே விளைந்த நெல் மூவாயிரம் கலம். இந்த வருஷம் ஆறாயிரம்! நானூறு வீட்டுக்கும் வகுத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் பதினைந்து கலம் வருகிறது. இனி அங்கே ஏழை என்று ஒருவன் கிடையாது!"

ராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்படியானால் அங்கே கஞ்சித்தொட்டி எதற்கு? வருகிற அமாவாசையோடு மூடிவிடுங்கள். மிஞ்சும் தானியத்தை விற்று யானைகளுக்கு நெற்றிப்பட்டம் செய்யலாம்!" என்றார்.

அந்த நேரம் பார்த்து மடைப்பள்ளிப் பக்கம் ஒரே சத்தம். உப்புக்காரி உலகாயி பொதிமாடுகளோடு நின்று சமையற்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். நாலு சீமையிலும் தெருத்தெருவாகப் போய், நெல்லை வாங்கிக்கொண்டு உப்பு அளப்பவள் அவள். அரண்மனைக்கு வழக்கமாக இரண்டு மூட்டை இறக்குவாள். அன்றைக்குப் பதினெட்டு மூட்டையை இறக்கிவிட்டாள்.

ராசா அவளைச் சபைக்கு அழைத்தார். "ஏனம்மா, என்னை ஊறுகாய் போடப் போகிறாயா?"

"இல்லீங்க மகாராசா. வடசீமைக்கு இருபது மூட்டை கொண்டுபோனேன், ரெண்டுதான் வித்துச்சு. இதுக்குமேல சுமக்க என் மாட்டுக்குத் தெம்பில்ல."

"வடசீமையிலா? அது முதல் சீமை ஆயிற்றே!"

"முன்னெல்லாம் இருபதும் ரெண்டு நாள்ல தீர்ந்துடும். இப்ப நாப்பது வீட்டுலதான் வாங்குறாங்க."

ராசா குழம்பினார். நெல் இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது, உப்பு பத்தில் ஒன்றாக இறங்கியிருக்கிறது. சோறு பெருகினால் உப்பும் பெருக வேண்டாமா?

"பிரபு, வசதி வந்தவர்கள் பாயசமும் பணியாரமுமாகத் தின்கிறார்கள். உப்புக்கு அங்கே என்ன வேலை?" என்றார் தாண்டவராயர். அதுவும் சரிதான் என்று ராசா தலையாட்டினார்.

"பாயசம் குடிக்கிறவங்க கஞ்சித்தொட்டி வரிசையில ஏன் நிக்கிறாங்க சாமி? வீட்டுல உலை வச்சாத்தானே உப்பு வேணும்?" என்றாள் உலகாயி. அதற்கும் தலையாட்டினார்.

"ஓசிக் கஞ்சி ருசி கண்டுவிட்டார்கள் பிரபு!"

அதற்கும் ஆட்டினார். ஆட்டிய ஆட்டில் கிரீடம் நழுவி ஒரு காதில் தொங்கியது.

"நிறுத்துங்கள்! நீங்கள் சொல்வதும் சரியாகப் படுகிறது, இவள் சொல்வதும் சரியாகப் படுகிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்? அந்த ஆறாயிரம் கலம் எங்கேதான் இருக்கிறது?"

"அஞ்சாயிரத்து ஐந்நூறு கலம் பிரதானி ஐயாவோட மச்சினர் களஞ்சியத்துல இருக்குங்க. ஊர் நிலம் கிட்டத்தட்ட எல்லாத்தையும் அவரு பிடுங்கிக்கிட்டாரு."

தாண்டவராயர் அசரவில்லை. "இருக்கட்டுமே! சீமையின் நெல் சீமைக்குள்தானே இருக்கிறது? வகுத்தால் வீட்டுக்குப் பதினைந்து கலம். இதில் பொய் உண்டா பிரபு?"

ராசா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பொய் இல்லை. ஆனாலும் ஏதோ உறுத்தியது. என்னவென்றுதான் பாவம் அவருக்குப் பிடிபடவில்லை.

உலகாயி சட்டென்று கைகூப்பினாள். "ஐயா சொல்றதுதான் சரிங்க. நான்தான் புத்தியில்லாம பேசிட்டேன்."

சபையே திகைத்தது. தாண்டவராயர் மீசையைத் தடவினார்.

"ஒரு வீட்டு நெல்லை நானூறு வீட்டுக்கும் சேர்த்து எழுதலாம்னா, ஒரு வாய் தின்ன உப்பையும் நானூறு வீடும் தின்னதா எழுதிடலாமே! மச்சினர் ஊர்ல இருக்காரு. அவருக்குப் பதிலா ஐயாவே தின்னட்டும். பதினெட்டு மூட்டையும் இங்கேயே தீர்ந்துடும், நானும் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

ராசாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "நியாயமான பேச்சு! பிரதானியாரே, மூட்டையைப் பிரியும்!"

ராச உத்தரவாயிற்றே! தாண்டவராயர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். கண் பிதுங்கியது, இருமல் பிடுங்கியது. இரண்டு செம்பு தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. ராசா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"முடியாது பிரபு! ஒரு ஆள் எவ்வளவுதான் தின்ன முடியும்?"

"அதைத்தான் சாமி நானும் சொல்றேன்," என்றாள் உலகாயி. "எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும் ஒரு வாய்க்கு உண்டான உப்புதான். என் மாட்டு முதுகு இலேசானா, ஊர்ல எல்லா வீட்டுலயும் அடுப்பு எரியுது. மூட்டை அப்படியே திரும்பி வந்தா, எரியல."

ராசா சிரிப்பதை நிறுத்தினார். கிரீடத்தை நேராக வைத்துக்கொண்டார். "எரியாத வீடுகள் எவை?"

"மேலத்தெரு முதல் வீடு செல்லக்கண்ணு. ஏர் இருக்கு, உழ நிலம் இல்ல. அடுத்தது காத்தாயி, மூணு பிள்ளைங்க. அதுக்கடுத்தது ஒச்சாத்தேவன், தொட்டி வரைக்கும் நடக்க முடியாது, யாராவது கொண்டுவந்து ஊத்தணும்..."

நாற்பதாவது வீட்டுப் பேர் வந்ததும் ராசா கையை உயர்த்தினார். அவருக்கு மேலே கேட்கத் தெம்பில்லை. "இவர்கள் கஞ்சியில் யானைக்கு நெற்றிப்பட்டம் போடப் பார்த்தேனே!" என்று வாய்விட்டே அழுதார்.

கஞ்சித்தொட்டி மூடப்படவில்லை. பிடுங்கிய நிலங்கள் உழுதவர்களிடம் திரும்பின. பதினெட்டு மூட்டைக்கும் உலகாயிக்கு அரண்மனை நெல் அளந்தது. சபையில் ஓர் ஆசனமும் கிடைத்தது. தாண்டவராயரை மட்டும், பல்லக்கில்லாமல், உப்பு மாடுகளுக்குப் பின்னால் ஒரு வருஷம் நடக்கச் சொன்னார் ராசா.

வருஷம் முடிந்து, வெயிலில் கறுத்துப்போய்த் தாண்டவராயர் சபைக்கு வந்தார்.

"வடசீமையில் எத்தனை கலம் விளைந்தது?" என்று கேட்டார் ராசா.

"விசாரிக்க மறந்துவிட்டேன் பிரபு. பதினேழு வீட்டில் இன்னும் உலை ஏறவில்லை."

"யார் யார்?"

கையில் ஓலை இல்லை. பதினேழு பேரையும் ஒருவர் விடாமல் சொன்னார்.