கூரையின் இரண்டு கொக்கிகள்

கோவை செல்வபுரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு அறுபத்து நான்கு.

குருவின் பெயர் சௌடேஸ்வரி. அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். சீடர் பெயர் திருமூர்த்தி. பம்பு செட் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டர்கூட ஓட்டியதில்லை. அதை ஓட்டியது அவர் மனைவி வசந்தாமணி. இவர் பின்னால் உட்கார்ந்து, மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு, ஊரைப் பார்த்துக்கொண்டே போனவர். பால்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் பேசியது அந்த அம்மாள். இவர் பின்னால் நின்று தலையாட்டியவர். வசந்தாமணி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

லைசென்ஸ் கைக்கு வந்து எட்டு மாதம் ஆயிற்று. ஆனாலும் தினமும் மாலை நாலு மணிக்கு வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். ரிவர்ஸ் இன்னும் சரியாக வரவில்லை என்பார். ரிவர்ஸ் அவருக்கு நன்றாகவே வரும். ஒரு நாளில் இன்னொரு மனிதக் குரல் அவரிடம் பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். டீச்சருக்கு அது தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அவர் கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"கூரை திறக்கிற கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். செகண்ட் ஹேண்ட்தான். பேரூர் ரோட்டுல சலாவுதீன் யார்டுல ரெண்டு நிக்குது. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே பேரு. ஒண்ணு முதல்ல வந்த மாடல், ரொம்பப் பழசு. இன்னொண்ணு ரெண்டு தலைமுறை தள்ளி வந்தது. எதை எடுக்கறது?"

இந்த வயதில் எதற்கு என்று ஊர் கேட்கும். டீச்சர் கேட்டது வேறு.

"எதுக்குங்க கூரை திறக்கணும்?"

திருமூர்த்தி கொஞ்ச நேரம் நோட்டின் அட்டையைப் பார்த்தார்.

"ஒரு தடவை லட்சுமி மில்ஸ் சிக்னல்ல ஸ்கூட்டர்ல நின்னுட்டு இருந்தோம். பக்கத்துல அப்படி ஒரு வண்டி வந்து நின்னுது. ஒரு நாளாச்சும் இதுல போகோணுங்கன்னு சொன்னா. மழை வந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பச்சை விழுந்துருச்சு."

டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பக்கம். இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. எஞ்சின், டயர், உதிரி பாகம், கூரை, மைலேஜ் என்று இருபத்தியாறு வரி. கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

"எல்லாம் எழுதிட்டீங்க. ரெண்டுலயும் ரெண்டே சீட்டுதான். பக்கத்து சீட்டுல யாருன்னு எழுதலியே?"

"அது காரோட விவரத்துல வராதுங்களே."

டீச்சர் நோட்டை மூடிக் கொடுத்தார். நிற்கிற வண்டியில் உட்கார்ந்து பதில் சொல்வது அவர் வழக்கமில்லை. "ரெண்டையும் ஓட்டிப் பாப்போம், வாங்க" என்றார்.

சலாவுதீன் இரண்டு வண்டியையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். புதுசு வெள்ளை. பழசு ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும்.

முதலில் புதுசு. டீச்சர் இடது பக்கம் ஏறினார். திருமூர்த்தி ஒரு பொத்தானை அழுத்தினார். கூரை தானே எழுந்து, தானே மடிந்து, முதுகுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. மேற்கே மலை வரைக்கும் வானம் திறந்து கிடந்தது. அவர் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தார். வருவது அழுகையா சந்தோஷமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

மாதம்பட்டி வரை போனார்கள். திரும்பும்போது சிறுவாணிச் சாரல் இரண்டு தூறல் போட்டது. அதே பொத்தான். பன்னிரண்டு எண்ணுவதற்குள் கூரை வந்து மூடிக்கொண்டது. கண்ணாடிகள் ஏறின. வெளிச் சத்தம் மொத்தமும் நின்றது.

"எல்லாத்தையும் அதுவே பாத்துக்குது டீச்சர். ஒரு ஆள் போதும்."

"ஆமாங்க."

வண்டி கொஞ்ச தூரம் போனது.

"வீட்டுல எப்படி இருக்குதுங்க சார்?"

"வீட்டுலயா? அமைதியா இருக்குது."

"இந்த மாதிரியேவா?"

வைப்பர் மட்டும் ஒரு தடவை போய் வந்தது.

யார்டுக்குத் திரும்பியபோது தூறல் விட்டிருந்தது. பழைய வண்டியின் கூரையை சலாவுதீனும் அவரிடம் வேலை செய்கிற பெயின்டரும் ஆளுக்கொரு பக்கம் நின்று மடித்தார்கள்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார், அப்புறம் சொல்லலைன்னு இருக்கக் கூடாது" என்றார் சலாவுதீன். "இதுல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி. துணி வெயில்ல சுருங்கிப்போச்சு. ஒரு பக்கம் மாட்டினா அந்தப் பக்கம் எகிறும். ரெண்டு பேரு ஒரே நேரத்துல இழுத்து மாட்டணும். முன்னாடி வச்சிருந்தவங்க புருஷன் பொண்டாட்டி. உங்களை மாதிரி தனி ஆளுக்கு நான் வெள்ளையைத்தான் சொல்வேன்."

நல்ல மனுஷன். அவர் சொன்ன 'தனி ஆள்' திருமூர்த்தியின் காதில் நெடுநேரம் நின்றது.

பழைய வண்டி கிளம்பும்போதே உடம்பை உலுக்கியது. ஸ்டீயரிங் கனம். ரோட்டில் இருந்த ஒவ்வொரு கல்லும் இடுப்புக்கு வந்து பேர் சொல்லிவிட்டுப் போயிற்று. பேரூரைத் தாண்டியதும் எதிரே டி.வி.எஸ்ஸில் வந்த ஒருவர் வண்டியைப் பார்த்துக் கை காட்டினார். திருமூர்த்தி திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாருக்கோ என்று.

"உங்களுக்குத்தான் சார்" என்றார் டீச்சர்.

தென்னந்தோப்பு ஒன்றிலிருந்து வெள்ளாடு ஒன்று ரோட்டுக்குக் குதித்தது.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுபவர் காலடியில் ஒன்று, டீச்சர் காலடியில் ஒன்று. அதில் அதிகநாள் பழகியவர்களுக்கு ஒரு நோய் வரும். ஆபத்து வந்ததும் பக்கத்துக் கால் மிதிக்கும் என்று ஒரு நொடி காத்திருப்பார்கள். திருமூர்த்தியும் காத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. அப்புறம்தான் அவர் கால் தானாகப் போய் அழுத்தியது. வண்டி இழுத்துக்கொண்டு நின்றது. ஆடு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

டீச்சர் இரண்டு காலையும் சீட்டின் மேலே மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"என் பக்கம் ஒண்ணுமில்லீங்க சார்."

"நீங்க பிரேக் பிடிப்பீங்கன்னு நினைச்சுட்டேன்."

"நம்ம வண்டிலயும் எட்டு மாசமா நான் பிடிக்கலைங்க."

திருமூர்த்தி அவரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம்பட்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை தூறல் இல்லை. மலையிலிருந்து நேராக இறங்கி வந்த மழை. கண்ணுக்குத் தெரிந்த முதல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வண்டியை ஓரம் கட்டினார்.

"டீச்சர், கூரை!"

டீச்சர் இறங்கினார். இறங்கியவர் கூரைப் பக்கம் போகவில்லை. ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குள் போய் நின்றுகொண்டார்.

திருமூர்த்தி கூரையை இழுத்து முன்னால் கொண்டுவந்தார். வலது கொக்கியை மாட்டினார். இடது பக்கம் எகிறியது. ஓடிப்போய் இடது கொக்கியை மாட்டினார். வலது பக்கம் எகிறியது. மறுபடி வலது. மறுபடி இடது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சீட்டில் தண்ணீர் குளமாகக் கட்டியது. சட்டைப் பையில் இருந்த நோட்டில் இருபத்தியாறு வரியும் நீலமாகக் கரைந்துகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாப்பில் ஏழெட்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். வேடிக்கையாக யாரும் பார்க்கவில்லை. கூப்பிட்டால் வரலாம் என்கிற பார்வை அது. கூப்பிடாமல் எப்படி வருவது, கார்க்காரர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கமும் அதில் இருந்தது.

அவர் கூப்பிடவில்லை. யாரையும் எதற்கும் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை. வசந்தாமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்குக்கூடப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல், வாசலில் நின்று ஆட்டோவுக்குக் காத்திருந்தவர். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்று அழுதார். அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

டீச்சரைப் பார்த்தார். அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது தடவையும் கொக்கி எகிறியது. திருமூர்த்தி இரண்டு கையையும் கூரைமேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். மழை முகத்தில் வழிந்தது. அப்புறம் தொண்டையைச் செருமினார். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

"ஏனுங்க... யாராச்சும் இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

கறிவேப்பிலைக் கட்டை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். கட்டைச் சீட்டின்மேல் வைத்தார்.

"எதையப் புடிக்கோணுமுங்க?"

"அந்தக் கொக்கியை. நான் சொல்றப்ப இழுத்து மாட்டோணும்."

"நீங்க எதுக்குச் சொல்லோணும்? நான் மூணு எண்ணறேன்."

அந்த அம்மாளே எண்ணினார். இரண்டு கொக்கியும் ஒரே சத்தத்தில் விழுந்தன.

"வண்டியா குடையா இது?" என்று சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஊட்டுல ஆரு ஆருங்க இருக்கறீங்க?" என்றார்.

"நான் மட்டுந்தான்."

இந்த இரண்டு வருஷத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்த பின்னும் நின்றுகொண்டிருந்தார், இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருப்பது போல.

"ஊட்டுக்காரம்மா?"

"தவறிட்டாங்க. வசந்தாமணின்னு பேரு."

"எங்க சின்னம்மா பேருங்க அது" என்றார் அந்தப் பெண். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாரனுங்க" என்று சொல்லி ஓடி ஏறினார். பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்களும் ஏறிக்கொண்டார்கள். பஸ் போனதும் ரோடு காலியாகக் கிடந்தது.

டீச்சர் வந்து இடது பக்கம் ஏறினார். சீட்டில் இரண்டு கொத்து கறிவேப்பிலை உதிர்ந்து கிடந்தது. அதை எடுத்து முன்பக்கம் வைத்தார். கூரைத் துணியில் மழை கொட்டுகிற சத்தத்தில் பேசினால் கேட்காது.

யார்டு வாசலில் மழை குறைந்திருந்தது. திருமூர்த்தி எஞ்சினை அணைத்தார்.

"பழசையே எடுத்துக்கறேன் டீச்சர்."

"சரிங்க சார்."

"நாளைக்கு நாலு மணிக்கு இதுலயே வந்துடட்டுமா? ரிவர்ஸ் கொஞ்சம்..."

"நாளையிலிருந்து உங்களுக்கு வகுப்பு இல்லீங்க சார்."

மூடிய வீட்டின் நாலு மணி திருமூர்த்தியின் கண்முன் வந்து நின்றது. டீச்சர் கதவைத் திறந்தார். உடனே இறங்கவில்லை.

"எனக்கும் நாலு மணி பழகிப்போச்சுங்க" என்றார். பிறகு இறங்கி, கதவைச் சாத்தினார். அது ஒரே தடவையில் சாத்தவில்லை. மறுபடி சாத்தினார்.

அவர் பத்தடி போனதும் திருமூர்த்தி கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டார். இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

"டீச்சர், நான் ஒருத்தன்தானே. மழை வந்தா என்ன பண்றது?"

டீச்சர் திரும்பினார்.

"பஸ் ஸ்டாப்பாப் பாத்து நிறுத்துங்க சார்."